திருகோணமலையில் இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு: பிள்ளைகளின் காதுகளைப் பற்றி ஒரு மடல்

கோயில் திருவிழாக் குழுக்களில் இருக்கிற ஐயாமாருக்கும், விளையாட்டுக் கழகங்களில் இருக்கிற தம்பிமாருக்கும், ஸ்பீக்கரும் லைட்டும் வாடகைக்குக் கொடுக்கிற அண்ணன்மாருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நேரே கேட்க வந்ததைக் கேட்டால், 'இந்த அம்மாவுக்குச் சத்தம் பிடிக்காது போல' என்று மடலை மடித்து வைத்துவிடுவீர்கள். எனக்குச் சத்தம் பிடிக்கும். பத்திரகாளி அம்பாள் கோயில் வீதியில் தவில் சமா கேட்டுக்கொண்டே அப்பாவின் தோளில் நித்திரையாகிப் போன பிள்ளை நான். இன்றைக்கும் தவில் சத்தம் தூரத்தில் கேட்டால் சமையலை விட்டுவிட்டு வாசலுக்கு வருவேன்.

போன மார்கழியில் ஒரு பின்னேரம் மகனை டியூசனில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அவனுக்குப் பதினாறு வயது. பஸ் நிலையத்தைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. நம்முடைய வாடைக்காற்று மழை தெரியும்தானே, குடை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பக்கத்திலிருந்த சின்னக் கடைக்குள் ஓடினோம். தகரக் கூரை. மேலே கல்லைக் கொட்டுவது போல மழை விழுந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு மேசையில்தான் இடம் இருந்தது. அதில் ஒரு பெரியவர், எழுபது வயதைத் தாண்டியவர், வெள்ளைத் தலைமுடியைப் பின்னால் சேர்த்துக் கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். "ஐயா, இதில இருக்கலாமோ?" என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்சம் உரத்துக் கேட்டேன். அப்போதும் இல்லை. கடைப் பொடியன் வந்து "சீனி போடவோ?" என்று அவரிடம் மூன்று தரம் கேட்டான். அவர் வெளியே மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன இறுமாப்புப் பிடித்த மனிசன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மகனின் பைக்குள்ளிருந்து ட்ரம்ஸ் தடி இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெரியவரின் கண் அதில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் மேசை விளிம்பில் சுட்டுவிரல் இரண்டாலும் ஒரு தாளம் தட்டி, நடுவில் நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். மகன் விட்ட இடத்திலிருந்து தட்டி முடித்தான். பெரியவரின் முகம் அப்படியே மலர்ந்தது.

"தம்பி ட்ரம்ஸோ?" என்றார். குரல் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தது, கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகன் ஏதோ சொன்னான். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டினார். "மழை பெய்தால் எனக்கு ஒன்றும் விளங்காது, ராசா. எழுதிக் காட்டுங்கோ."

கணிதக் கொப்பியின் கடைசித் தாளில் மகன் எழுதினான்: 'ஓம். நாலு பேர் சேர்ந்து ஒரு பாண்ட் வைச்சிருக்கிறம். நீங்களும் ட்ரம்ஸோ?'

"நான் லீட் கிற்றார்" என்றார் பெரியவர். "ரொக்."

அந்தத் தாள் இப்போது என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அதில் மகனின் எழுத்திலும் என் எழுத்திலும் கேள்விகள் மட்டும்தான் இருக்கின்றன. பதில்களை அவர் வாயால் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் மழை விடவில்லை. நாங்களும் எழும்பவில்லை.

அவருடைய தகப்பனார் இங்கே டொக்யார்டில் வேலை செய்தவர். பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலையை விட்டுப் போனபோது, வெளிக்கிட்ட ஒரு வெள்ளைக்காரரிடம் கிராமபோன் ஒன்றும் கொஞ்ச இசைத்தட்டும் வாங்கி வைத்தாராம். இவர் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறார். அப்புறம் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை, அதற்கும் பிறகு கையில் ஒரு பழைய கிற்றார். இசைத்தட்டில் தமிழ் மெல்லிசைப் பாட்டைக் கொண்டுவந்த முன்னோடியான எம். பி. பரமேஷ் இந்த ஊர்க்காரர்தானே. அவரும் தம்பி கோணேஷும் பாடிய காலத்தில் கிற்றார் பிடிக்க ஆசைப்படாத பொடியன் திருமலையில் இருந்திருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன்.

எழுபதுகளில் இவர் கொழும்புக்குப் போய் ஹோட்டல்களில் வாசித்தார். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். கிற்றார் கம்பி அறுந்தால் புதுக்கம்பி கிடைக்காது, அறுந்ததையே முடிச்சுப் போட்டு மாட்டுவாராம். அம்பிளிபயர் வாங்க வழியில்லை என்று வால்வு ரேடியோ திருத்துகிற ஒருவரைப் பிடித்துச் செய்வித்தாராம். "அதில சத்தம் வராது பிள்ளை, சூடுதான் வரும்" என்று சொல்லிச் சிரித்தார். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு லண்டன் போனார். பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வெள்ளி சனி இரவுகளில் மதுச்சாலைகளிலும் சின்ன மண்டபங்களிலும் ஒரு ரொக் குழுவோடு வாசிப்பு. அங்கேதான் ஒரு மார்ஷல் அம்பிளிபயர் சொந்தமாக வாங்கினார். அதைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய கை இரண்டும் காற்றில் ஒரு பெட்டியை வரைந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெட்டி, இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை. அந்தப் பெட்டிகளுக்கு ஒரு கை தூரத்தில் முதுகைக் கொடுத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறார். இடது பக்கத்தில் ட்ரம்ஸ்காரரின் பெரிய சிம்பல், அவருடைய காது உயரத்தில்.

"அதனால இடது காது முதல்ல போனது. வலது காது பிறகு மெல்ல மெல்ல."

நான் எழுதினேன்: 'இப்ப என்ன கேட்கும் ஐயா?'

கடல் இரையிறது கேட்கும் என்றார். லொறி கேட்கும். கோயில் மணி கேட்கும், ஆனால் மணி ஓய்ந்த பிறகு வருகிற அந்தக் கார்வை கேட்காது. ஆம்பிளைகள் கிட்ட இருந்து மெல்லக் கதைத்தால் பாதி விளங்கும். பெண்பிள்ளைகளின் குரலும் குழந்தைகளின் குரலும் விளங்குவதில்லை. லண்டனில் இருக்கிற பேத்தி கிழமைக்கு ஒருமுறை வீடியோவில் வருவாள், ஏதோ சொல்லுவாள், அவர் வாயைப் பார்த்து ஊகித்துத் தலையாட்டுவார். ஒருநாள் பிள்ளை அழுதுகொண்டு எதையோ சொல்ல, விளங்காமல் இவர் சிரித்துத் தலையாட்டிவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இவ்வளவும் வெளியிலிருந்து வருகிற சத்தத்தைப் பற்றியது. உள்ளே வேறொன்று இருக்கிறது. இரவும் பகலும் காதுக்குள்ளே ஒரு சில்வண்டு, ஒரே சுருதியில், நிற்காமல். படுக்கும்போது அது பெரிதாகிவிடும் என்பதால் ரேடியோவை அலைவரிசை இல்லாத இடத்தில் இரைய விட்டுவிட்டுத்தான் நித்திரைக்குப் போவாராம். கிற்றாரைக் கொடுத்துவிட்டார். சுருதி சேர்த்தால் சேர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை, அதனால் கொடுத்துவிட்டார்.

பிறகு அவர் மகனின் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒரு நிகழ்ச்சி முடிஞ்சு வீட்டுக்குப் போனால் காது கூவுமோ?"

மகன் என்னைப் பார்த்தான். பிறகு எழுதினான்: 'சில நேரம். அடுத்த நாள் சரியாகிடும்.'

பெரியவர் அதைக் கன நேரம் வாசித்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இருபது வருஷம் அடுத்த நாள் சரியாகிக்கொண்டுதான் இருந்தது" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு ஆவணி மாதத்து இரவு ஒன்று ஞாபகம் வந்தது. ஊர் பெயரும் கோயில் பெயரும் சொல்ல மாட்டேன். ஒரு திருவிழாவின் கடைசி நாள். மகனின் குழு இரவு ஒன்பது மணிக்கு மேடை ஏறியது. மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் ஸ்பீக்கர் பெட்டிகள், ட்ரம்ஸுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. பெட்டிகளுக்கு முன்னால் மண்ணில் பாய் விரித்துச் சின்னப் பிள்ளைகளை இருத்தியிருந்தார்கள், அவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. ஒரு தாயின் மடியில் கைக்குழந்தை. நானும் அங்கேதான் நின்றேன், மகனைப் படம் எடுத்துக்கொண்டு. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நாள் காலையில் மூன்று தரம் கூப்பிட்டும் மகன் வரவில்லை. அறைக்குப் போய்க் கத்தினேன். "கேட்கேல்ல அம்மா" என்றான். பொய் சொல்கிறான் என்று பேசினேன்.

நான் விஞ்ஞான ஆசிரியை. காதின் படத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் கீறிக் காட்டி, பாகங்களுக்குப் பெயர் குறிக்கச் சொல்லிப் புள்ளி போடுகிறவள். நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கிற அந்தப் பாகத்துக்குள்ளே, ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. சத்தம் வந்தால் அவற்றின் நுனியிலுள்ள மெல்லிய இழைகள் கடலடியில் பாசி அசைவது போல அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். சத்தம் அளவு மீறினால் அந்த இழைகள் சாய்ந்துவிடும். கொஞ்ச நேரம் ஓய்வு கிடைத்தால் சில நிமிரும். அதுதான் 'அடுத்த நாள் சரியாகிடும்'. திரும்பத் திரும்பச் சாய்த்தால் கலமே செத்துவிடும். செத்தது மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. கோழிக்குஞ்சுக்கு முளைக்கும், நமக்கு முளைக்காது. உயர்ந்த சுருதியைக் கேட்கிற கலங்கள்தான் முதலில் போகும். அதனால்தான் கடல் கேட்கிற பெரியவருக்குப் பேத்தி சொல்வது விளங்கவில்லை. இதெல்லாம் தெரிந்த நான்தான் அன்றைக்கு மகன் பொய் சொல்கிறான் என்று பேசினேன்.

சரி, எவ்வளவு சத்தம் அளவு மீறின சத்தம்? சத்தத்தை அளக்கிற அலகு டெசிபல். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவாக எடுக்கிற கணக்கு. அதிலிருந்து ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. இப்படிப் போய் 100 டெசிபலில் பதினைந்து நிமிஷம்தான் மிஞ்சும். ட்ரம்ஸ் அடிக்கிறவரின் காதடியில் 100ஐத் தாண்டுவது சாதாரண விஷயம். நம்முடைய நிகழ்ச்சிகள் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் போகும்.

2022இல் உலக சுகாதார நிறுவனம் இசை நடக்கிற இடங்களுக்கென்றே ஒரு தரவிதியை வெளியிட்டது. சராசரிச் சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, நிகழ்ச்சி நடக்கும்போது ஒருவர் அளந்துகொண்டே இருக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காது ஆற ஒரு அமைதியான மூலை வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 12 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் 100 கோடிக்கும் அதிகமானோர், சத்தமாகக் கேட்பதாலேயே செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்கிறார்கள். அந்தக் கணக்கில் நம்முடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ரொக் இசையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ரொக் உலகம்தான் இதை முதலில் பட்டு உணர்ந்தது. 1976 மே 31ஆம் திகதி லண்டனில் ஒரு உதைபந்தாட்ட மைதானத்தில் 'த ஹூ' குழு வாசித்தபோது, 32 மீற்றர் தூரத்தில் 126 டெசிபல் அளந்தார்கள். உலகிலேயே சத்தமான குழு என்று கின்னஸ் புத்தகத்தில் போட்டார்கள். பிறகு கின்னஸ்காரர்களே அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள், காதைக் கெடுக்கிற போட்டியை வளர்க்கக் கூடாது என்று. அந்தக் குழுவின் கிற்றார் கலைஞர் பீட் டவுன்செண்டுக்குக் காது இரைச்சல் வந்தது. இளம் இசைக்கலைஞர்களின் காதைக் காக்க எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு அமைப்புக்கு அவர் பணம் கொடுத்தார். ஏசிடிசி குழுவின் பாடகர் பிரையன் ஜோன்சன், காது முற்றாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016இல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட வேண்டி வந்தது. எரிக் கிளாப்டனும் தனக்குக் காது இரைச்சல் என்று வெளிப்படையாகச் சொன்னார். உலகமே அறிந்த பெயர்கள் இவை. பெயர் தெரியாத ஒருவர் நம்முடைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் அவர் சொன்னார். தகப்பனாரும் கடைசிக் காலத்தில் செவிடாம். டொக்யார்டில் இரும்புத் தகட்டில் சம்மட்டி அடித்த காது. "அப்பாவுக்கு அது சம்பளத்துக்கு வந்தது. நான் ஆசைக்கு வாங்கினேன்" என்றார். அந்தக் காலத்தில் யாராவது காதை மூடிக்கொண்டு வாசித்தால் குழுவில் மற்றவர்கள் பயந்தாங்கொள்ளி என்பார்களாம். யாரையும் அவர் குறை சொல்லவில்லை. நான்தான் இந்த மடலை எழுதுகிறேன், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

இனி உங்களிடம் கேட்க வந்தது.

ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகளை இருத்தாதீர்கள். வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால், பெட்டியிலிருந்து இரண்டு மீற்றரில் இருக்கிற பிள்ளையை நாலு மீற்றருக்குத் தள்ளி இருத்தினால் அந்தக் காது தாங்குகிற நேரம் நாலு மடங்காகும். எட்டு மீற்றர் என்றால் பதினாறு மடங்கு. இதற்குக் காசு செலவில்லை. தேருக்குக் கட்டுகிற கயிற்றில் ஒரு துண்டு போதும், பெட்டியைச் சுற்றி ஒரு வேலி கட்டி, ஒரு தொண்டரை நிறுத்தினால் சரி. கைக்குழந்தையோடு வருகிற தாய்மாரை அந்தத் தொண்டரே பின்னுக்குக் கூட்டிப் போகலாம்.

அடுத்தது மேடையில் நிற்கிறவர்கள். சனத்துக்கு வைக்கிற பெட்டியை விட, மேடையில் வாசிக்கிறவர்களுக்கென்று வைக்கிற மொனிட்டர் பெட்டிதான் பிள்ளைகளின் காதை முதலில் தின்கிறது. எல்லோரும் தங்கள் சத்தம் தங்களுக்குக் கேட்கவில்லை என்று கூட்டச் சொல்வார்கள். கிற்றார் கூடும், அதை மீற ட்ரம்ஸ் கூடும், அதை மீறப் பாடகரின் மைக் கூடும். பெரியவர் இதை அப்படியே விபரித்தார். அவருடைய யோசனை இது: மொனிட்டரை வாசிக்கிறவரின் முகத்தைப் பார்க்கச் சரித்து வையுங்கள், முழங்காலைப் பார்க்க வைத்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். கிற்றார் அம்பிளிபயரைத் தரையில் வைக்காமல் ஒரு கதிரையில் ஏற்றி, காதைப் பார்க்கச் சரியுங்கள். அப்படிச் செய்தால் வாசிக்கிறவரே குறைக்கச் சொல்வார். ட்ரம்ஸுக்குப் பின்னால் பெட்டி வேண்டவே வேண்டாம்.

காதடைப்பான் பற்றி. இயர் பிளக் என்று மருந்துக்கடைகளில் கேட்டால் கிடைக்கிற ஸ்பொன்ஞ் வகையே போதும், தொடங்குவதற்கு. ஒரு கொத்துரொட்டியின் விலை கூட வராது. விரலுக்குள் உருட்டி மெல்லியதாக்கி, மற்றக் கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வாசலில் சும்மா ஒட்டி வைத்தால் பலனில்லை. பஞ்சு வைத்தால் என்ன என்று கேட்பார்கள். பஞ்சு வைத்தவருக்கு வைத்தோம் என்ற திருப்திதான், சத்தம் பெரிதாகக் குறையாது. ஸ்பொன்ஞ் வைத்தால் உயர்ந்த சுருதி கூடுதலாக மங்கும் என்பது உண்மை, அதனால் வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சிணுக்கமாகத்தான் இருக்கும். இசைக்காரர்களுக்கென்று வடிகட்டி வைத்துச் செய்த சிலிக்கன் வகை இருக்கிறது. அது எல்லாச் சுருதியையும் ஒரே அளவாகக் குறைக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும். வெளிநாட்டிலிருந்து வருகிற உறவுகளிடம் சொக்லேட்டுக்குப் பதிலாக ஒரு சோடி கேட்டு வாங்கினால் வருஷக்கணக்கில் கிடக்கும். என் மகன் இப்போது அதைத்தான் வைக்கிறான். முதல் இரண்டு பயிற்சிக்கும் முகத்தைச் சுளித்தான். மூன்றாவது நாள், "அம்மா, பேஸ் கிற்றார் இப்பதான் தெளிவாக் கேட்குது" என்றான்.

ஸ்பீக்கர் கடை அண்ணன்மாரே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களோடு வேலைக்கு வருகிற பொடியன்கள் ஒவ்வொரு இரவும் அந்தப் பெட்டிகளுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில்தான் படுத்து எழும்புகிறார்கள். என் மகன் மாதத்தில் ஒருநாள் மேடை ஏறுகிறான். அவர்களுக்குச் சித்திரையிலிருந்து ஆவணி வரை ஓய்வே இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டியடியில் இருக்கிற உங்களுடைய காதுதான் உங்கள் தொழிலின் முதல். அது மங்க மங்க, சத்தம் போதவில்லை என்று நீங்களே கூட்டுவீர்கள், கூட்டுவது உங்களுக்கே தெரியாது. டெசிபல் அளக்கிற செயலிகள் கைபேசியில் இலவசமாக இருக்கின்றன. துல்லியம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு போனைத் திறந்து வைத்தால் 100ஐத் தாண்டுகிறோமா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

சட்டம் இருக்கிறதே, பொலிஸில் ஒலிபெருக்கி அனுமதி எடுக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். 2007இல் வெலிகம பள்ளிவாசல் வழக்கில் உயர் நீதிமன்றம் கட்டளை கொடுத்ததிலிருந்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது பொது விதி, விசேட நாட்களுக்குத் தளர்வு உண்டு. அது வீட்டில் படுத்திருக்கிறவரின் நித்திரைக்காக வந்தது. அவசியமான விதி. ஆனால் பெட்டிக்கு முன்னால் பாயில் இருக்கிற பிள்ளை நிகழ்ச்சி நடக்கிற வளவுக்கு உள்ளே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு உள்ள காவல் நீங்கள்தான்.

சத்தம் குறைந்தால் சனம் வராது என்று ஒரு குழுவில் என்னிடம் சொன்னார்கள். பக்கத்து ஊரில் இருபது பெட்டி வைத்தார்கள், நாங்கள் பத்து வைத்தால் மானம் போகும் என்றும் சொன்னார்கள். அந்த மனசு எனக்கு விளங்குகிறது. போர்க்காலத்தில் எத்தனை வருஷம் இந்த ஊரில் திருவிழாக்கள் பொழுதுபடுமுன் அவசரமாக முடிந்தன. மைக்கே கட்டாத திருவிழாவும் பார்த்திருக்கிறேன். வெடிச்சத்தத்தைக் கேட்டு ஒடுங்கியிருந்த ஊர், இப்போது தன் சந்தோஷத்தை நாலு ஊருக்குக் கேட்கப் போட வேண்டும் என்று நினைப்பதில் பிழை இல்லை. அந்த வருஷங்களில் ஷெல் விழுந்த சத்தத்தில் காது போனவர்களும் நம்மோடு இருக்கிறார்கள், அவர்கள் கேட்டு வாங்கியதில்லை அது. மிச்சமிருக்கிற காதுகளை நாமே கெடுக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். நல்ல பெட்டியை நல்ல இடத்தில் உயர்த்தி வைத்தால், பத்துப் பெட்டியில் கடைசி வரிசைக்கும் சொல் சொல்லாகக் கேட்கும். இது நான் சொல்வதல்ல, ஒலி அமைப்பு வேலை தெரிந்த உங்களில் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தியது.

பெரியவரை அதற்குப் பிறகு இரண்டு தரம் சந்தித்தோம். மழையில்லாத நாளில், கோட்டைக்குள்ளே மான்கள் படுத்திருக்கிற அந்த மரநிழலில். சுற்றிலும் சத்தமில்லாத இடத்தில், முகத்தைப் பார்த்து மெல்லக் கதைத்தால் அவருக்குக் கன விஷயம் விளங்குகிறது. மகனுக்குக் கையால் தொடையில் தட்டித் தாளம் சொல்லிக் கொடுக்கிறார். எந்த இடத்தில் அடிக்காமல் விடவேண்டும் என்பதைத்தான் அதிகமாகச் சொல்லிக் கொடுக்கிறார்.

வருகிற சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சிகளுக்கு நீங்கள் இப்போதே கூட்டம் கூடத் தொடங்கியிருப்பீர்கள். எந்தக் குழுவாக இருந்தாலும் சரி, கூப்பிட்டால் நான் வருகிறேன். இரண்டு பெட்டி இயர் பிளக் என் செலவில் கொண்டுவருவேன். எப்படி வைப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுப்பேன். என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் கயிறு பிடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன மேசையும் ஒரு லைட்டும் மட்டும் தாருங்கள்.

அன்போடு,
உவர்மலையிலிருந்து ஒரு ட்ரம்ஸ்காரப் பிள்ளையின் அம்மா